நீலக்கொடி ஏத்தின கடல்

"கடல் எண்டால் கடல்தானே, தவமலர். உப்பாயிருந்தால் காணும்."

இந்த ஒரு கதைக்காகவே யோகராஜா அத்தானை நான் சாகுமட்டும் மன்னிக்கமாட்டன் எண்டு நினைச்சனான். என்ரை மனுசன் பரமேஸ்வரன் செத்துப் பத்தாம் நாள், லண்டன் வால்தம்ஸ்டோவிலை எங்கடை வீட்டு முன்னறையிலை, என்ரை சோபாவிலை சாய்ஞ்சுகொண்டு, நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொன்னவர். ஆர் சொன்னது? என்ரை மனுசன்ரை கூடப்பிறந்த தமையன். அப்டன் பார்க்கிலை மரக்கறிக்கடை வச்சிருக்கிறார். ஒரு வெண்டிக்காயை முறிச்சுப் பார்க்காமல் வாங்கமாட்டார். தம்பியின்ரை சாம்பலைக் கரைக்கிற தண்ணி மட்டும் எப்படியிருந்தாலும் பரவாயில்லையாம்.

கடல் எண்டால் கடல் இல்லை. அதை எனக்குச் சொல்லித்தந்ததே என்ரை மனுசன்தான். இருபது வருசமாத் தண்ணி சோதிக்கிற லாப் ஒண்டிலை வேலை செய்தவர். மே மாசம் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் சனம் குளிக்கிற கடற்கரையளிலை இருந்து போத்தில் போத்திலாத் தண்ணி வரும். அதிலை என்ன கிருமி, எத்தினை கிருமி எண்டு எண்ணுறதுதான் இவற்றை உத்தியோகம். எண்ணிப்போட்டு வந்து, நான் மீன்குழம்பு விட்டுச் சோறு போடேக்கை, எந்தக் கரையிலை என்ன மிதக்குதெண்டு விளக்கம் சொல்லுவார். "சாப்பிடவிடுங்கோப்பா" எண்டு நானும் மகளும் கத்துவம். சுத்தமெண்டு சோதிச்சுப் பாஸ் பண்ணின கரைக்கு ஒரு நீலக்கொடி குடுப்பினம். அது ஒரு வருசத்துக்குத்தான். அடுத்த வருசம் பெயிலானால் கொடியை இறக்கவேணும். ஒவ்வொரு வருசமும் அந்த லிஸ்ட் வந்தவுடனை, பிள்ளையின்ரை சோதினை றிசல்ட் பார்க்கிற மாதிரி இருந்து பார்ப்பார்.

நெஞ்சு நோவோடை ஆஸ்பத்திரியிலை கிடந்த ரெண்டு நாளிலை, முதல் லாப்பிலை முடிக்காமல் விட்ட போத்திலுகளைப் பற்றிக் கதைச்சார். பேந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "தவம், என்னைக் கண்ட கண்ட தண்ணியிலை போட்டிடாதையும். நீலக்கொடி பறக்கிற கரையாப் பார்த்துக் கரையும்" எண்டார். "விசர்க்கதை கதையாமல் படுங்கோ" எண்டு ஏசினன். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை விடிய ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு வயசு. இருபத்தைஞ்சு வருசம் கூட இருந்த மனுசன் என்னட்டைக் கேட்டது அந்த ஒண்டுதான். தன்ரை சேட்டைக்கூடத் தானே அயர்ன் பண்ணுற ஆள் அவர்.

ஊரிலையெண்டால் கீரிமலை இருக்கு, ஒருத்தரும் யோசிக்கத் தேவையில்லை. இது தொண்ணூற்றி நாலாம் ஆண்டு. அங்கை ஆமி இருக்கு, எங்கடை ஆக்கள் கிட்டப் போகேலாது. ஆனபடியால் இஞ்சைதான் கரைக்கவேணும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அண்டைக்குக் காலமை சாம்பலைக் கடலிலை கரைச்சிட்டு வந்து, வீட்டிலை சடங்கு செய்து, வந்த சனத்துக்குச் சாப்பாடு குடுக்கவேணும். அது ஒரு வியாழக்கிழமை வந்தது.

நான் லைப்ரரிக்குப் போய் அந்த வருச லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தெற்குப் பக்கத்திலை ஒரு கரையைத் தெரிவு செய்தன். காரிலை ரெண்டரை மணித்தியாலம். அந்தப் பத்தாம் நாள் அதைச் சொல்லத்தான் அத்தானுக்கு முகம் கறுத்தது.

"வியாழக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போற நாள். ஒரு மணித்தியாலத்துக்குள்ளை போற இடமாப் பாருமன். எனக்கு ஒரு துறை தெரியும். படி இருக்கு, கார் விடவும் இடம் இருக்கு."

"அங்கை கொடி இருக்கோ?"

"என்ன கொடி? கோயில் திருவிழாவோ நடக்குது?"

பக்கத்திலை இருந்த செல்வமலர் அக்கா, அத்தான்ரை மனுசி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. செத்த வீட்டிலை இருந்து சிரிக்கிறா! எனக்குக் கொதி தலைக்கு ஏறிச்சுது.

"இன்னொண்டும் சொல்லிப்போட்டன்" எண்டார் அத்தான். "உதுக்குப் பொம்பிளையள் வாறேல்லை. உமக்கும் ஆம்பிளைப்பிள்ளை இல்லை. நானும் குருக்களுமாய்ப் போய் முடிச்சிட்டு வாறம். நீர் சமையலைப் பாரும்."

என்ரை மகள் நிரஞ்சலாவுக்குப் பதினேழு வயசு. படியிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏன் பெரியப்பா, நான் அப்பான்ரை பிள்ளை இல்லையோ?" எண்டாள். அவர் காதிலை விழாத மாதிரி பிஸ்கட்டை எடுத்துத் தேத்தண்ணியிலை தோய்ச்சார்.

"அவர் கேட்ட இடத்திலைதான் கரைக்கிறது. நானும் பிள்ளையும் வருவம்" எண்டு சொல்லிப்போட்டு நான் எழும்பி உள்ளுக்குப் போட்டன். அதோடை கதை முடிஞ்சுதெண்டு நினைச்ச மடைச்சி நான்.

அந்தச் சாம்பல் இருந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பியள். அதை வீட்டுக்குள்ளை வைக்கப்படாது, துடக்கு எண்டு எங்கடை வழக்கம். எரிச்ச இடத்திலை மண்ணிறப் பிளாஸ்ரிக் டப்பாவிலை போட்டு, மூடி திருகி, பேர் ஒட்டிக் குடுத்தவை. அத்தான் அதை வெள்ளைத் துணியாலை சுத்தி, பின்வளவு ஷெட்டிலை, புல்லு வெட்டுற மெஷினுக்கு மேலை இருக்கிற தட்டிலை வச்சார். அந்தப் பக்கம் பெயின்ற் டின், இந்தப் பக்கம் சைக்கிள் பம்ப், நடுவிலை என்ரை மனுசன்.

ஒரு கிழமை போக ஒரே மழை. ஷெட் கூரை ஒழுகும். திருத்திறன் திருத்திறன் எண்டு இவர் ரெண்டு வருசமாச் சொன்ன கூரை. நான் போய்ப் பார்க்க, துணி சொட்டச் சொட்ட நனைஞ்சு, அதிலை ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருக்கு. துடக்காவது மண்ணாவது! துணியைக் கழட்டிப்போட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், மேலை சின்ன அறையிலை இவர் இருந்து எழுதுற மேசையிலை வச்சன்.

ஆனால் செல்வமலர் அக்கா நாள் தவறாமல் பின்னேரம் வந்து, ஷெட்டுக்குள்ளை பூ வச்சு ஊதுபத்தி கொளுத்துவா. தட்டு வெறுமையாக் கிடந்தால் ஊரைக் கூட்டிப்போடுவா. என்ன செய்யிறது? இவர் ரோசாச் செடிக்குப் போட எலும்புத்தூள் வாங்குறவர். பை கிழிஞ்சு கொட்டுப்படுதெண்டு, அதை லாப்பிலை எறியிற டப்பா ஒண்டிலை போட்டு ஷெட்டிலை வச்சிருந்தவர். அதே அளவு, அதே மண்ணிறம், அதே திருகு மூடி. நான் அதை எடுத்துப் புதுத் துணியொண்டாலை சுத்தித் தட்டிலை வச்சிட்டன். வியாழக்கிழமை விடிய மாத்தி வைக்கிற யோசினை. நிரஞ்சலாவுக்கு மட்டும் தெரியும். என்னிலை பிழையில்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் அக்கா அந்த எலும்புத்தூளுக்கு முன்னாலை கண்ணை மூடி நிக்கிறதைக் குசினி யன்னலாலை பார்க்க, அந்த நாளையிலை எனக்கு இருந்த ஒரேயொரு ஆறுதல் அதுதான்.

அந்தியேட்டிக்கு நாலு நாள் முந்தின ஞாயிற்றுக்கிழமை, நானும் பிள்ளையும் ரெயின் எடுத்து அந்தக் கரையைப் பார்க்கப் போனம். இவர் எதையும் ஒருக்காச் சோதிச்சுப் பார்க்காமல் செய்யாத ஆள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டுறதோ? படி எங்கை இருக்கு, எத்தினை மணிக்குத் தண்ணி வத்துது எல்லாம் பார்த்து, இவற்றை பழைய டயறியிலை எழுதினன். கம்பத்திலை கொடி பறந்துகொண்டு நிண்டது. சின்னக் கொடிதான். அதையும் டயறியிலை எழுதினன்.

கரையைப் பராமரிக்கிற வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி ஒரு குடிலுக்குள்ளை இருந்தாள். நிரஞ்சலா போய் விசயத்தைச் சொன்னாள். அந்தப் பெட்டை எழும்பி நிண்டு, "ஐயாம் சொறி" எண்டாள். காலமை எட்டு மணிக்கு முந்தி வரச் சொன்னாள். குளிக்கிற இடத்தை விட்டுத் தள்ளி, அந்தப் பாறைக்கு அங்காலை செய்யச் சொன்னாள். சாம்பல் மட்டும்தான், பூ, தேங்காய், துணி ஒண்டும் தண்ணியிலை விடவேண்டாம் எண்டாள். இவர் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். ஒரு மாசமாச் சொந்தக்காரர் ஆறுதல் சொல்லி எனக்கு ஆறாதது, அந்த முன்பின் தெரியாத பெட்டை எழும்பி நிண்டதிலை கொஞ்சம் ஆறிச்சுது.

பின்னேரம் அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளுக்குச் சாம்பிராணி மணம். அத்தானிட்டை எங்கடை வீட்டுத் திறப்பு ஒண்டு இருக்கு, அவசரத்துக்குக் கதவு திறக்க எண்டு இவர் குடுத்தது. ஆள் வேட்டியோடை என்ரை சோபாவிலை இருக்கிறார். வேட்டி இன்னும் ஈரம். நெத்தி முட்டத் திருநீறு. செல்வமலர் அக்கா என்ரை குசினியிலை தேத்தண்ணி ஊத்துறா.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" எண்டார் அத்தான்.

"என்ன முடிஞ்சுது?"

"கரைச்சாச்சு. குருக்களுக்கு இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சுது. முன்னுக்குக் கரைச்சால் குற்றமில்லையாம். வியாழக்கிழமை வீட்டிலை சடங்கை மட்டும் செய்வம். உமக்கும் அலைச்சல் மிச்சம்."

ஷெட்டிலை இருந்தது எதெண்டு எனக்குத் தெரியும். இவர் மேலை பத்திரமா இருக்கிறார் எண்டும் தெரியும். ஆனாலும் அதாலை என்ன? அங்கை இருந்தது இவர்தானெண்டு நினைச்சுத்தானே எடுத்துக்கொண்டு போனவர்? எனக்குத் தெரியாமல், நான் வீட்டிலை இல்லாத நேரம் பார்த்து! நான் மழைக்குப் பயந்து தூக்கி வைக்காட்டில் இண்டைக்கு என்ரை மனுசன் ஏதோ ஒரு துறையிலை, எண்ணையிலை மிதந்துகொண்டிருப்பார்.

"எங்கை கரைச்சனீங்கள்?"

"நான் அண்டைக்குச் சொன்ன துறையிலைதான். நல்ல வசதி."

"பூ?"

"பூ, தேங்காய், பட்டுத்துணி, எல்லாம் முறைப்படி விட்டனாங்கள். ஒரு குறையும் வைக்கேல்லை."

"டப்பா?"

"அதையும்தான். பேந்து அதை வீட்டுக்குக் கொண்டரேலுமோ?"

"பிளாஸ்ரிக் டப்பாவைக் கடலிலை எறிஞ்சனீங்களோ!" எண்டு நான் போட்ட சத்தத்திலை அக்கா தேத்தண்ணியை ஊத்திப்போட்டா. அவருக்குக் கோபம் வந்திட்டுது. "என்ன தவமலர், நான் உமக்கு வேலைக்காரனோ? கடையையும் விட்டிட்டு, இடுப்பளவு தண்ணியிலை நிண்டு செய்துபோட்டு வாறன், ஒரு நன்றி இல்லை!"

நன்றியோ? வேணுமோ உங்களுக்கு நன்றி? மேலை போனன். மேசையிலை இருந்தவரை ரெண்டு கையாலையும் தூக்கிக்கொண்டு வந்து, முன்னறைக் கண்ணாடி மேசையிலை, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்திலை, பேர் ஒட்டின பக்கம் அவையைப் பார்க்க வச்சன்.

"வாசியுங்கோ, அத்தான். இது ஆர்?"

அவர் குனிஞ்சு வாசிச்சார். தம்பியின்ரை முழுப்பேரும், திகதியும். திரும்ப முதலிலையிருந்து வாசிச்சார்.

"ஐயோ, வீட்டுக்குள்ளையோ வச்சிருந்தனி!" எண்டு அக்கா சுவரோடை ஒட்டினா.

"ஓம், வீட்டுக்குள்ளைதான். இது அவற்றை வீடு. அவர் கட்டின மோர்ட்கேஜ். புல்லு வெட்டுற மெஷினோடை நத்தை ஊரக் கிடக்க அவருக்கு என்ன தலையெழுத்து?"

"அப்ப நான் கரைச்சது?" எண்டார் அத்தான்.

நிரஞ்சலாதான் சொன்னாள். "பெரியப்பா, அது போன் மீல். அப்பா ரோஸஸுக்குப் போடுற எலும்புத்தூள்."

நான் அவர் கத்துவார் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். திருப்பிக் கத்த எனக்கு ஒரு மாசக் கதை இருந்தது, ஒண்டொண்டா அடுக்கி வச்சிருந்தன். ஆனால் அந்த மனுசன் கையிரண்டையும் விரிச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அழுதனான், தவமலர்" எண்டார். "பேர் ஒட்டேல்லையே எண்டு யோசிச்சனான். ஈரத்திலை கழண்டுபோச்சாக்கும் எண்டு நினைச்சன். அந்தத் தூளைக் கையிலை அள்ளி வச்சுக்கொண்டு, அண்ணை உன்னை நல்லாப் பார்க்கேல்லை, மன்னிச்சுக்கொள் தம்பி எண்டு, குருக்களுக்கு முன்னாலை குழறி அழுதனான்."

பாவமாத்தான் இருந்தது. பாவமெண்டால் கோபம் போயிடுமோ? எனக்குப் போகேல்லை.

"வியாழக்கிழமை கடையைப் பூட்டுங்கோ" எண்டன். "விடிய நாலு மணிக்கு காரைக் கொண்டு வாசலுக்கு வாங்கோ. நானும் பிள்ளையும் தண்ணிக்குள்ளை இறங்குவம். நீங்கள் கரையிலை நிண்டு எங்கடை துவாயையும் செருப்பையும் பிடிக்கிறது. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் ரெயினிலை போறம்."

"ஏலும்" எண்டார்.

வியாழக்கிழமை நாலுக்குப் பத்து நிமிசம் கிடக்கக் கார் வாசலிலை நிண்டது. குருக்கள் முன் சீற்றிலை. நான் மடியிலை இவரை வச்சுக்கொண்டு நிரஞ்சலாவோடை பின்னுக்கு இருந்தன். பாதி வழியிலை அத்தான் கண்ணாடிக்குள்ளாலை என்னைப் பார்த்தார்.

"தவமலர், அது என்ன எலும்பாக்கும்?"

ஆள் சைவம். முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டார்.

"பையிலை மாடெண்டுதான் போட்டிருந்தது" எண்டன்.

குருக்கள் "சிவ சிவா" எண்டு யன்னல் பக்கம் திரும்பினார். நிரஞ்சலா வாயை என்ரை தோளிலை அமத்திக்கொண்டு குலுங்கினாள். அழுறாளெண்டு நினைச்சன். சிரிப்பு. தேப்பன் போன பிறகு அவள் சிரிச்சது அதுதான் முதல்.

ஏழு மணிக்குக் கரையிலை நிண்டம். கொடி பறந்தது. நாயோடை நடக்கிற ஒரு கிழவனைத் தவிர வேறை ஆள் இல்லை. குருக்கள் அந்தப் பாறைக்கு அங்காலை மணலிலை இருந்து மந்திரம் சொன்னார். பூவும் தேங்காயும் அவருக்கு முன்னாலை தட்டத்திலையே இருந்தது. அத்தான் ஒரு தோளிலை துவாயும், ஒரு கையிலை ரெண்டு சோடிச் செருப்பும், மற்றக் கையிலை என்ரை ஹாண்ட்பாக்குமாய் நிண்டார். நானும் பிள்ளையும் இறங்கினம். ஜூலை மாசத்திலையும் குளிர் எலும்பைக் கடிச்சுது. இடுப்பளவு தண்ணியிலை நிண்டு குனிஞ்சு பார்த்தால் என்ரை கால்விரல் பத்தும் தெரியுது. அப்படியொரு தண்ணி.

மூடியைத் திருகினன். அள்ளிப் போடவேண்டிய நேரம். கை போகேல்லை. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது, முப்பது நாளா நான் கொதிச்ச கொதி அத்தானிலை இல்லை.

"கேளுங்கோப்பா!" எண்டு கத்தினன். டப்பாவைப் பார்த்துத்தான். "மூண்டு கிழமையா நெஞ்சு நோகுது நோகுது எண்டனீங்கள். டொக்டரிட்டைப் போங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்? அது காஸ், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தாரும் எண்டனீங்கள். எழுதி வச்ச அப்பொயின்ற்மென்ரை ரெண்டு தரம் மாத்தினனீங்கள். ஏன்? சீசனாம், போத்தில் வந்து குவியுதாம்! ஊர் உலகத்துத் தண்ணியெல்லாம் சோதிச்ச மனுசன் உங்கடை நெஞ்சை ஒருக்காச் சோதிக்கக் குடுத்தனீங்களோ? என்னை விட்டிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது?"

நாய்க்காரக் கிழவன் நிண்டு பார்த்தான். குருக்கள் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டார். கரையிலை அத்தான் ஹாண்ட்பாக்கை நெஞ்சோடை சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு அழுறார். இந்த முறை சரியான ஆளுக்கு அழுதார்.

"அம்மா" எண்டு நிரஞ்சலா தன்ரை கையை என்ரை கைக்கு மேலை வச்சாள். "விடுங்கோ அம்மா. தண்ணி நல்லாயிருக்கு."

ரெண்டு பேருமாய் விட்டம். தண்ணி கொஞ்ச நேரம் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பிறகு தெளிஞ்சுது. திரும்பவும் என்ரை கால்விரல் தெரிஞ்சுது.

வெறும் டப்பாவை அந்தத் தண்ணியிலேயே அலம்பி, மூடியைத் திருகி, கமக்கட்டுக்குள்ளை வச்சுக்கொண்டு கரைக்கு ஏறினன். அதை அங்கை விட்டிட்டு வந்தால் என்ரை மனுசன் என்னைச் சும்மா விடுவாரோ?